ஈட்டியும் துவக்கும்: மறுமலர்ச்சிக் காலச் சிறுபடைகளைச் செய்து மேசையில் பொருத விடுவது எப்படி

சிறு வீரர் உருவங்களுக்கு வர்ணம் பூசி, மேசையில் நகர்த்தி ஆடும் மேசைப் போர் விளையாட்டில் இறங்குகிறவர்களில் பலர் தமக்குப் பிடித்த ஒரு படையை மட்டும் வாங்கி வர்ணம் பூசிவிட்டு, எதிர்ப்படையை இன்னொருவர் கொண்டு வருவார் என்று காத்திருப்பார்கள். ஆட்டக்காரர்கள் நிறைந்த ஊர்களில் அது சரிவரலாம். கொழும்பில் அப்படிக் காத்திருந்தால், முதற்படை அலுமாரியில் தூசி பிடிப்பதுதான் மிச்சமாகும். எனவே ஒரே ஒரு போரைத் தெரிந்தெடுத்து, அதன் இரு தரப்பையும் நீங்களே செய்து முடிப்பதே நல்லது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள நண்பர் ஒருவர் வெறுங்கையுடன் வந்தாலும் அன்று மாலையே ஆட்டம் நடக்கும். விதிகளை வாசிக்காதவருக்கும் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

மறுமலர்ச்சிக் காலம் என்று இந்தப் பொழுதுபோக்கில் சொல்லும்போது, பெரும்பாலும் 1494 இல் தொடங்கி 1559 வரை நீண்ட இத்தாலியப் போர்களையே முதலில் கருதுவார்கள். நெடு ஈட்டி தாங்கிய காலாட்படை, கவசமணிந்த குதிரைவீரன், ஆர்க்கபஸ் என்னும் திரித்துவக்கு, சக்கரத்தில் இழுத்துச் செல்லப்படும் பீரங்கி ஆகிய நான்கும் ஒரே களத்தில் மோதிய காலம் அது. எது எதை வெல்லும் என்பது அக்காலத் தளபதிகளுக்கே தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. 1503 இல் செரிஞோலாவில் ஓர் அகழியும் துவக்குக்காரரும் பிரெஞ்சுக் குதிரைப்படையையும் சுவிஸ் ஈட்டிப்படையையும் தடுத்து நிறுத்தினர்; 1512 இல் ரவென்னாவில் பீரங்கிகள் பெரும் அழிவை விளைத்தன; 1525 இல் பாவியாவில் பிரெஞ்சு மன்னன் முதலாம் பிரான்சுவாவே சிறைபிடிக்கப்பட்டான். ஆட்டத்துக்குச் சுவை தருவது இந்த நிச்சயமின்மைதான்.

தொடக்கத்துக்கு நான் பரிந்துரைப்பது 1522 ஏப்ரல் 27 அன்று மிலான் நகருக்கு அருகே நடந்த பிகோக்காப் போராகும். களம் எளியது. ஒரு பக்கத்தில் தாழ்ந்து கிடக்கும் ஒரு பாதை. அதன் விளிம்பில் மண் அரண். அரணின் பின்னே நான்கு வரிசையாக ஸ்பானியத் துவக்குக்காரர். அவர்களுக்குப் பின்னால் ஜெர்மானியக் கூலிப்படையான லான்ட்ஸ்க்நெக்ட் ஈட்டிக்காரர். இவர்கள் புனித உரோமைப் பேரரசின் தரப்பு. மறுபக்கத்தில் பிரான்சின் சம்பளத்துக்குப் போரிட வந்து, அந்தச் சம்பளம் கிடைக்காமல் பொறுமையிழந்திருந்த சுவிஸ் வீரர்கள். உடனே தாக்க வேண்டும், இல்லையேல் ஊர் திரும்புவோம் என்று அவர்கள் பிரெஞ்சுத் தளபதி லோத்ரெக்கை நெருக்கினர். பீரங்கிகள் அரணைத் தகர்க்கும் வரை காத்திராமல் நேரே பாய்ந்து, தாழ்பாதையில் சிக்கி, மூவாயிரம் பேருக்கு மேல் இழந்தனர். அவர்களால் இந்தத் தாக்குதலை வேறு விதமாக நடத்தியிருக்க முடியுமா என்ற கேள்வியே உங்கள் ஆட்டத்தின் கரு.

அளவும் எண்ணிக்கையும்

வீரர்களின் உருவங்கள் பல அளவுகளில் விற்கப்படுகின்றன. 28 மில்லிமீற்றர் உருவங்கள் வர்ணம் பூசுவதற்கு இனியவை. முகபாவம் தெரியும், உடையின் கிழிசல் தெரியும். பெரி, வார்லார்ட் போன்ற நிறுவனங்கள் இக்காலத்துக்கேற்ற பிளாஸ்டிக் பெட்டிகளை விற்கின்றன. 1/72 அளவிலான மென்பிளாஸ்டிக் உருவங்கள் விலை குறைந்தவை, இடமும் குறைவாகவே பிடிப்பவை. ஆனால் அவற்றில் வர்ணம் எளிதில் உரிந்துவிடும். 15 மில்லிமீற்றர் உருவங்கள் பெரும்போர்களுக்குப் பொருத்தமானவை. கண்பார்வை குறைந்தவர்களுக்கும் முதன்முறையாகத் தூரிகை பிடிப்பவர்களுக்கும் 28 மில்லிமீற்றரையே சொல்வேன். இத்துறை உருவங்களைக் கொழும்புக் கடைகளில் தேடி அலைவதை விட, வெளிநாட்டிலிருந்து தருவிப்பதே நடைமுறை. தபாற் பொதிகளுக்குச் சுங்க வரி விதிக்கப்படலாம் என்பதால், உருவங்களின் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்; இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பொதியாக எடுப்பது அனுப்பும் செலவைக் குறைக்கும். முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருப்பவரைத் தெரிந்திருந்தால், வடிவக் கோப்பை மட்டும் விலைக்கு வாங்கி இங்கேயே அச்சிடுவது இன்னொரு வழி. அவ்வாறு அச்சிட்ட ரெசின் உருவங்களைக் காலைவெயில் படும் யன்னலோரத்தில் வைக்கக் கூடாது; மெல்லிய ஈட்டிகளும் வாள்களும் வளைந்துபோகும்.

ஒவ்வொரு தரப்புக்கும் எவ்வளவு வேண்டும்? அறுபது மில்லிமீற்றர் சதுரமான அடித்தட்டு ஒன்றில் எட்டு ஈட்டிக்காரரை முன்பின்னாக நிறுத்துங்கள். அத்தகைய நான்கு தட்டுகளை இரண்டுக்கு இரண்டாகச் சேர்த்தால் முப்பத்திரண்டு பேர் கொண்ட ஒரு திரள் கிடைக்கும். சுவிஸ் தரப்புக்கு இரண்டு திரள்களும், பேரரசின் தரப்புக்கு ஒரு திரளும் போதும். துவக்குக்காரரை அறுபதுக்கு நாற்பது மில்லிமீற்றர் தட்டில் மூன்று பேராக, இடைவெளி விட்டு ஒட்டுங்கள். பேரரசின் தரப்புக்கு ஆறு தட்டு, மறுதரப்புக்கு இரண்டு. பிரெஞ்சுத் தரப்புக்குக் கவசக் குதிரைவீரர் ஆறு பேர், இரு தரப்புக்கும் ஒவ்வொரு பீரங்கி. இதற்கு மேல் வாங்க வேண்டும் என்ற ஆசை வரும். இந்தத் தொகுதி முடியும் வரை அதை அடக்கி வையுங்கள். வர்ணம் பூசாத உருவங்களின் குவியலைப் போல ஆர்வத்தைக் கெடுப்பது வேறொன்றில்லை.

ஈட்டி

அக்காலத்து நெடு ஈட்டி ஐந்து மீற்றரையும் தாண்டும். 28 மில்லிமீற்றர் உருவத்துக்கு அது சுமார் தொண்ணூறு மில்லிமீற்றராகிறது. பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் ஈட்டிகள் சில குட்டையானவை, விரைவில் முறிபவை. பித்தளைக் கம்பியே எல்லாவற்றிலும் சிறந்தது. செட்டியார் தெருவில் நகைத்தொழிலாளருக்கான கருவிகள் விற்கும் கடைகளில் ஒரு மில்லிமீற்றருக்குக் குறைவான பித்தளைக் கம்பி, நுண்ணிய அரம், மெல்லிய துளையிடும் ஊசி, சிறு குறடு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ளலாம். இந்தப் பொழுதுபோக்குக்கு வேண்டிய கருவிகளில் பாதி பொற்கொல்லரின் பட்டறையில் எப்போதும் இருப்பவைதான். கம்பியைச் சிறு துண்டாக வெட்டி, ஒரு முனையைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கி, அரத்தால் இலைவடிவில் தேய்த்தால் ஈட்டியின் அலகு தயார். உருக்குக் கம்பியைத் தவிருங்கள். கடற்காற்று வீசும் வீட்டில் ஓராண்டுக்குள் வர்ணத்தின் அடியிலிருந்து துரு எட்டிப் பார்க்கும்.

கம்பிக்குப் பதிலாகத் தென்னை ஈர்க்கையும் பயன்படுத்தலாம், அது ஒன்றும் குறைந்ததல்ல. நன்கு காய்ந்த விளக்குமாற்று ஈர்க்கில் நடுப்பகுதியை மட்டும் எடுத்து, கத்தியால் மேல்தோலைச் சுரண்டி, வளைவில்லாததைத் தெரிந்து, வார்னிஷ் பூசிக் காயவைத்த பின்னரே வெட்ட வேண்டும். வார்னிஷ் பூசாத ஈர்க்கு மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி வளையும், பூஞ்சணமும் பிடிக்கும். ஈர்க்கின் இயல்பான தடிப்பு வேறுபாடு, இயந்திரத்தில் செய்ததுபோல் தோன்றாத ஒரு திரளைத் தருகிறது. ஆட்டத்தின்போது கை பட்டாலும் குத்தாது.

முன்வரிசை ஈட்டிகளைக் கிடையாக நீட்டி வைப்பது படத்தில் அழகாக இருக்கும். ஆனால் இரண்டு திரள்கள் மோதும்போது அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், பெட்டியிலும் அடங்கா. எல்லா ஈட்டிகளையும் நிமிர்த்தி, பின்வரிசைகளில் மட்டும் சிறிது சாய்த்து வையுங்கள். நிமிர்ந்த ஈட்டிகளின் காடு மேசைக்கு அப்பாலிருந்து பார்க்கும்போது வேறெதையும் விட வலிமையாகத் தெரியும்.

வர்ணம்

முதலில் உருவங்களைச் சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டு நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, முழுமையாகக் காயவிடுங்கள். வார்ப்பச்சின் எண்ணெய் மிச்சம் இருந்தால் வர்ணம் பிடிக்காது. உலோக உருவங்களின் பிசிறுகளைத் தேய்க்கும்போது முகக்கவசம் அணிவதும், பின்னர் கை கழுவுவதும் அவசியம். சில கலவைகளில் ஈயம் இருக்கும்.

அடுத்தது பிரைமர், அதாவது வர்ணம் பிடிப்பதற்கான அடிப்பூச்சு. கொழும்பின் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் அதிகம். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வேறு வரும். தெளிப்பு டப்பாவால் இத்தகைய வேளையில் அடித்தால், மேற்பரப்பு மணல் தூவியதுபோல் சொரசொரத்துவிடும். கடைசியில் அடிக்கும் மங்கல் வார்னிஷ் இன்னும் மோசம்: வெண்படலம் படர்ந்து, பல வார வேலையை மூடிவிடும். வெயில் நன்றாக ஏறிய முற்பகலில், திறந்த பல்கனியில், டப்பாவை நன்றாகக் குலுக்கி, குறுகிய வீச்சுகளாக அடியுங்கள். மழை பெய்து ஓய்ந்த நாளாயின் தூரிகையால் பூசும் பிரைமரும் தூரிகை வார்னிஷும் பாதுகாப்பானவை. நேரம் கூடுதலாகச் செல்லும், ஆனால் ஏமாற்றாது. மின்விசிறிக்கு நேர்கீழே இருந்து வர்ணம் பூசாதீர்கள்; தூரிகையின் நுனியிலேயே அக்ரிலிக் காய்ந்துபோகும்.

லான்ட்ஸ்க்நெக்ட் வீரர்களுக்குச் சீருடை கிடையாது. ஒவ்வொருவனும் தன் பணத்துக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப உடுத்தினான். ஒரு கால் சிவப்பாகவும் மறு கால் மஞ்சளும் கறுப்புமான கோடுகளாகவும் இருக்கும். மேலாடையைக் கீறி, உள்ளே இருக்கும் வேற்றுநிறத் துணி பிதுங்கித் தெரியும்படி செய்வார்கள். இதைப் பார்த்து அஞ்சுகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. சிவப்பு, கடுகு மஞ்சள், கறுப்பு, பழுப்பு வெள்ளை, மங்கிய நீலம் என ஐந்து நிறங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பத்து உருவங்களை ஒரே வரிசையில் நிறுத்தி, முதலில் சிவப்பைத் திறந்து, ஒருவனுக்கு இடக்கால், அடுத்தவனுக்கு வலக்கை, மூன்றாமவனுக்குத் தொப்பி என்று போய்க்கொண்டே இருங்கள். பின்னர் மஞ்சள், பிறகு கறுப்பு. ஒரு நிறம் முடிந்த பின்னரே அடுத்த புட்டியைத் திறக்க வேண்டும். பத்துப் பேரும் வேறுபட்டிருப்பார்கள். ஆனால் ஐந்து நிறங்களே திரும்பத் திரும்ப வருவதால் திரள் முழுதும் ஒன்றாகத் தெரியும். ஒவ்வொரு வீரனுக்கும் புதுநிறம் தேடினால் கலவையாகச் சிதறிவிடும்.

கீறல்களுக்கு வருவோம். மேலாடைக்குச் சிவப்பு பூசிக் காய்ந்ததும், அதன் மீது வாஷ் எனப்படும் நீர்த்த வர்ணத்தைக் கபில நிறத்தில் ஒருமுறை ஓடவிடுங்கள். பள்ளங்களில் அது தங்கி, ஒவ்வொரு கீறலின் ஓரத்தையும் தானே கோடிட்டுக் காட்டும். அது நன்றாக உலர்ந்த பின், ஒன்றாம் எண் தூரிகையின் நுனியில் பழுப்பு வெள்ளையைக் குறைவாகத் தொட்டு, கீறல்களின் மேடான நடுப்பகுதியில் மட்டும் மேலிருந்து கீழாக ஒரு சிறு கோடு இழுங்கள். இருபுறமும் கபில ஓரம் மயிரிழையளவு மிஞ்ச வேண்டும். அந்த ஓரம் போய்விட்டால் கீறல் தெரியாது, வெறும் வரியாகிவிடும். தூய வெள்ளையைத் தவிருங்கள். அது கண்ணைக் குத்தும். கவசங்களுக்குக் கறுப்புப் பூசி, பழைய தூரிகையில் உலோக வர்ணத்தைத் தொட்டு, கடதாசியில் துடைத்து மிச்சத்தை மட்டும் மேலே உரசினால் போதும்.

முகங்களுக்கு நேரம் செலவிடுங்கள், காலணிகளுக்கு வேண்டாம். மூன்றடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு முகமும் கைகளும் கொடியும் அடித்தட்டின் ஓரமுமே கண்ணில் படும். திரளின் நடுவில் நிற்பவர்களுக்குத் தொப்பியும் தோளும் சரியாக இருந்தால் போதும். அவர்களின் முழங்காலைப் பார்க்க யாரும் வரப்போவதில்லை.

சுவிஸ் வீரருக்கு உடையில் வெள்ளைச் சிலுவைத் துண்டு தையுங்கள், அதாவது பூசுங்கள். பேரரசின் தரப்புக்குச் சிவப்புப் பட்டை அல்லது சிவப்பு நிறச் சாய்சிலுவை. சுவிஸ் கொடிகளில் ஊரி மாநிலத்தின் மஞ்சட் பின்னணியிலான கருங்காளைத் தலையும், பேர்னின் கரடியும் மேசையில் எடுப்பாகத் தெரிபவை. சூரிச்சின் நீல வெள்ளைக் கொடியை இந்தப் போரில் கொண்டு வராதீர்கள்; 1521 இல் பிரான்சுடன் செய்யப்பட்ட உடன்படிக்கையில் சூரிச் சேரவில்லை. கொடியைக் கடதாசியில் அச்சிட்டு, பசை ஈரமாக இருக்கும்போதே விரலால் அலையாக வளைத்து, வெட்டிய வெள்ளை ஓரத்தைப் பொருத்தமான வர்ணத்தால் மறைத்துவிடுங்கள்.

தட்டும் தரையும்

அடித்தட்டுகளுக்கு இரண்டு மில்லிமீற்றர் எம்.டி.எப். என்னும் அழுத்திய மரநார்ப் பலகை வசதியானது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் பசையும் வர்ணமும் பூசினால் அது மறுபக்கமாக வளையும். அடிப்புறத்தையும் ஓரங்களையும் முதலிலேயே வார்னிஷால் மூடிவிடுங்கள். மேலே வெள்ளை மரப்பசை தடவி, சலித்துக் கழுவிய மணலைத் தூவி, காய்ந்ததும் கடுங்கபிலம் பூசி, வெளிர் நிறத்தை உரசுங்கள். கடற்கரை மணலாயின் உப்புப் போகப் பலமுறை கழுவ வேண்டும். புல்லுக்குத் தேங்காய்த் தும்பைப் பொடியாக நறுக்கிப் பச்சை வர்ணத்தில் தோய்த்துக் காயவைத்தால், வாங்கும் புல்லுக்கு அதிகம் பின்தங்காது. ஆனால் லொம்பார்டியின் ஏப்ரல் மாதப் புல் இளம்பச்சை என்பதை மறக்க வேண்டாம். நம்மூர்ச் செம்மண் நிறத்தை அங்கே கொண்டு போகாதீர்கள்.

ஆறடிக்கு நாலடி மேசை நிரந்தரமாக வைக்கத் தொடர்மாடி வீடுகளில் இடமிராது. நாலடிக்கு இரண்டடியாக மூன்று பிளைவுட் பலகைகளை வெட்டுவித்தால், லிஃப்ட்டிலும் ஏற்றலாம், அலுமாரிக்குப் பின்னாலும் சாத்தலாம். ஆட்டத்தன்று சாப்பாட்டு மேசையின் மீது சேர்த்து வைத்தால் போதும். அரணையும் தாழ்பாதையையும் ரெஜிபோமால் செய்யுங்கள். பாதையை மேசையில் குடைய முடியாதாகையால், அரணுக்கு முன்னால் எட்டுச் சென்ரிமீற்றர் அகலத்தில் கடுங்கபிலத் துணிப்பட்டை ஒன்றை விரித்து, அதையே பாதை என்று கொள்ளலாம். ரெஜிபோமைத் தெளிப்பு வர்ணம் கரைத்துவிடும். முதலில் மரப்பசை பூசி மூடுங்கள்.

ஆட்டம்

விலைக்குக் கிடைக்கும் விதிநூல்கள் பல உள்ளன. முதல் ஆட்டத்துக்குப் பின்வரும் சுருக்க விதிகள் போதும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தரப்பு நகர்ந்து, சுட்டு, மோதி முடிந்ததும் மறுதரப்பு அவ்வாறே செய்யும். ஈட்டித்திரள் பதினைந்து சென்ரிமீற்றரும், துவக்குக்காரர் இருபதும், குதிரை முப்பதும் நகரலாம். நகராமல் நின்ற துவக்குத் தட்டு ஒவ்வொன்றும் இருபது சென்ரிமீற்றருக்குள் உள்ள இலக்கின் மீது ஒரு பகடை உருட்டும். ஐந்தோ ஆறோ விழுந்தால் ஓர் அடி. இலக்கு தாழ்பாதைக்குள் நின்றால் நான்கும் அடியாகும். பீரங்கி எண்பது சென்ரிமீற்றர் வரை இரண்டு பகடை. ஒவ்வோர் அடிக்கும் ஒரு புளியங்கொட்டையைப் படைக்குப் பின்னால் வையுங்கள். ஆறு கொட்டை சேர்ந்த ஈட்டித்திரளும், மூன்று சேர்ந்த இரட்டைத்தட்டுத் துவக்கு அணியும், நான்கு சேர்ந்த குதிரை அணியும் களத்தை விட்டு அகலும்.

ஈட்டியும் ஈட்டியும் மோதினால் இருவரும் இரண்டிரண்டு பகடை உருட்டிக் கூட்டுவர். பாய்ந்து வந்த சுவிஸ் திரளுக்கு அந்தச் சுற்றில் ஒன்று கூடும். இரண்டு கொட்டைக்கு ஒன்று வீதம் எவருக்கும் குறையும். அரணின் மீது ஏறிப் பொருதுபவருக்கு இரண்டு குறையும். தோற்றவர் வேறுபாட்டின் அளவுக்கு, ஆனால் மூன்றுக்கு மேற்படாமல், கொட்டை பெற்று ஒரு தட்டளவு பின்தள்ளப்படுவர். சமமாக விழுந்தால் இருவருக்கும் ஒவ்வொரு கொட்டை. யாரும் நகர முடியாது. துவக்குக்காரரை ஈட்டியோ குதிரையோ பாய்ந்து பிடித்தால், எட்டுச் சென்ரிமீற்றருக்குள் சொந்த ஈட்டித்திரள் இருக்கும் பட்சத்தில் அவர்கள் அதன் பின்னே ஓடித் தப்பலாம். இல்லையேல் மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். மூன்றுக்குக் குறைந்த கொட்டையுள்ள ஈட்டித்திரளைக் குதிரை நேர்முகமாகத் தாக்கவே கூடாது. இந்தக் கடைசி இரண்டு விதிகளும் இல்லாவிட்டால் ஆட்டம் எந்தக் காலத்துக்கும் பொருந்துகிற ஒன்றாகிவிடும். துவக்கு கொல்லும், ஈட்டி காக்கும், ஒன்றில்லாமல் மற்றொன்று நிலைக்காது என்ற அக்கால நிலை மேசையில் தெரிவது இவற்றால்தான்.

தாழ்பாதைக்குள் இறங்கும் திரள் அங்கேயே அந்தச் சுற்றை முடிக்க வேண்டும். எட்டுச் சுற்றுக்குள் ஒரு சுவிஸ் திரளாவது அரணைத் தாண்டி நின்றால் பிரெஞ்சுத் தரப்புக்கு வெற்றி. பிரெஞ்சுக் குதிரைவீரரை முதலில் மேசையில் வைக்காதீர்கள். உண்மைப் போரில் லெஸ்கனின் குதிரைப்படை சுற்றிச் சென்று, பின்புறப் பாலத்தின் வழியாக எதிரியின் பாசறைக்குள் புகுந்தது. மூன்றாம் சுற்றிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகடை உருட்டி, ஐந்துக்கு மேல் விழுந்தால் அவர்கள் பேரரசுத் தரப்பின் பின்விளிம்பில் தோன்றட்டும். சுவிஸ் தலைவராக ஆடுபவர் காத்திருப்பதா பாய்வதா என்று தடுமாற வேண்டும்; அதற்காக, முதற்சுற்றில் முன்னேறாமல் நிற்கும் திரள் ஒவ்வொன்றும் ஒரு பகடை உருட்டி, ஒன்று விழுந்தால் அடுத்த சுற்றில் கட்டாயம் பாய வேண்டும் என்று வையுங்கள். சம்பளம் கிடைக்காதவர்களின் மனநிலைக்கு இது நெருக்கமானது.

இந்தப் படைகளை மேசையில் பார்த்த பிறகு, நம்முடைய கரைக்கும் அதே நூற்றாண்டில் துவக்குடன் வந்தவர்களின் நினைவு எழாமல் இராது. மோரியன் தலைக்கவசமணிந்த சில துவக்குக்காரரை ஸ்பானியராகப் பூசும்போதே நிறங்களைப் பொதுவாக வைத்திருந்தால், அவர்களே போர்த்துக்கேயராகவும் நிற்பார்கள். 1560 இல் கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா யாழ்ப்பாண அரசின் மீது நடத்திய படையெடுப்பும், முல்லேரியாவில் சீதாவாக்கைப் படை போர்த்துக்கேயரை முறியடித்த போரும், 1587-88 இல் முதலாம் இராஜசிங்கன் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டதும் அடுத்த திட்டங்களாகக் காத்திருக்கின்றன. சீதாவாக்கை வீரருக்கும் நல்லூர்ப் படைக்கும் பெட்டியில் அடைத்த உருவங்களை எதிர்பார்க்க முடியாது. வேட்டி கட்டிய இந்திய உருவங்களை வாங்கி, பசைமண்ணால் கொண்டையும் உடைமடிப்பும் சேர்த்துத் திருத்த வேண்டியிருக்கும். சீதாவாக்கைத் தரப்புக்கு யானைகளை மறக்க வேண்டாம். அங்கே நெடு ஈட்டித்திரள்களுக்கு இடமில்லை. வயலும் சதுப்பும் ஒடுங்கிய பாதைகளுமான தரையில் முப்பத்திரண்டு பேரைச் சதுரமாக நகர்த்த முடியாது. ஆகவே அந்த ஆட்டத்துக்குத் தட்டுகளை நாற்பது மில்லிமீற்றராகச் சிறிதாக்கி, வீரர்களை இரண்டிரண்டு பேராக ஒட்டத் தொடங்குங்கள்.